ரிட்டன் லோடும் மாட்டு டாக்டர் ஜீப்பும்

அன்று காலை ஒன்பதரை மணிக்கு, தார் ரோட்டிலிருந்து மண்சாலை பிரியும் இடத்து டீக்கடை முன்னால் இருந்தவர்கள்: கால்நடைத் துறை ஜீப், அதன் டிரைவர், மாட்டு டாக்டரம்மா. அங்கன்வாடிக்கு முட்டை கொண்டுபோகும் வேன், அதன் டிரைவர். ஊசிப் பெட்டியைத் தோளில் மாட்டிய நர்சம்மா. மின்வாரிய ஜீப்பில் ஒரு லைன்மேன். டீ மாஸ்டர். ஏழு மாத வயிற்றோடு என் மனைவி. நான். கூடவே, காலி வண்டியைப் பார்த்தால் கண்ணீர் விடக்கூடிய, உலகத்திலேயே ஒரே மனிதர்.

'ரிட்டன் லோடு' என்றால் வெண்ணந்தூர் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ராசிபுரத்தில் முப்பது வருஷம் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தவர். சரக்கோடு வடக்கே போன லாரி வெறுமனே திரும்பாமல், அங்கிருந்து ஒரு லோடு பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். வயதாகி ஆபீஸை விட்டார். ஆபீஸ் அவரை விடவில்லை. மாப்பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பிய கல்யாணக் காரை மறித்து, ஜோடனைப் பூவுக்கு நடுவே இருபது தேங்காய் ஏற்றினார். சுடுகாட்டிலிருந்து திரும்பிய சவ வண்டியில் நாலு மூட்டை சின்ன வெங்காயம் ஏற்றி சந்தைக்கு அனுப்பினார். விஷயம் வெளியே தெரிந்து, அந்த வாரம் ஊரில் ஒரு வீட்டிலும் சாம்பார் வைக்கவில்லை.

"காலி வண்டி ஓட்டறது பாவம் சாமி. டீசலு அழுவுது, எனக்குக் கேக்குது" என்பார்.

என் கதைக்கு வருகிறேன். நான் ஏழாவதோடு நின்றவன், தறி ஓட்டுகிறேன். பயப்படுவது எனக்கு இரண்டாவது தொழில். எங்கள் கரட்டுக்காடு, தார் ரோட்டிலிருந்து அஞ்சு கிலோமீட்டர் உள்ளே. எழுபது வீடும் கூலிக்காரர்கள். பஸ் கிடையாது. தார் ரோட்டுக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி செக்கப் என்றால் பத்து நிமிஷம். எங்களுக்கு ஒரு நாள் கூலி. எங்கள் முதல் குழந்தை அந்த மண்சாலையிலேயே போய்விட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை.

இரண்டாவது தரம் என் மனைவிக்கு ரத்தம் கம்மி என்றார்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கட்டாயம் வரவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியில் கூட்டிப்போனால் குழியில் குலுங்குமோ, நடக்க வைத்தால் மயங்குவாளோ, கூட்டிப்போகாவிட்டால் என்ன ஆகுமோ என்று மூன்று பயத்தோடும், அந்தக் காலைக்கு ஒரு வாரம் முன்னால், டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ரிட்டன் லோடு.

"ஏன் சாமி, மூஞ்சி பஞ்சரான மாதிரி இருக்குது?"

சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. ஜேபியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார்.

"இத பாரு. செவ்வாக்கெழமை மாட்டு டாக்டர் ஜீப்பு மேல போவுது, திரும்பி வரையில காலி. புதன்கெழமை முட்டை வேனு, வரையில காலி. வியாழக்கெழமை கரண்டு ஆபீஸ் ஜீப்பு, வரையில காலி. வெள்ளிக்கெழமை அந்த நர்சு அம்மிணி பெட்டியத் தூக்கிட்டு நடந்தே போவுது, நடந்தே வருது. எல்லாம் கவர்மெண்டு. ஒரே மொதலாளி! ஒரு மொதலாளிகிட்ட இத்தன வண்டி காலியா ஓடுனா அந்தக் கம்பெனி வெளங்குமா?"

அப்போதே ஜீப் டிரைவரை மறித்தார்.

"மாட்டாஸ்பத்திரி வண்டியில மனுசர ஏத்தக் கூடாதுங்க" என்றார் டிரைவர்.

"மாட்ட ஏத்துவியா?"

"மாட்டையும் ஏத்தறதில்லைங்க."

"அப்பறம் எதுக்குடா உனக்கு ஜீப்பு, தனியா ஊட்ல ஒக்கோரப் பயமா?"

டிரைவர் முறைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வேறு பயம் வந்தது. இவர் என்னவோ செய்யப்போகிறார், அதில் என் பெயர் வரப்போகிறது.

வந்தது. மறு செவ்வாய்க்கிழமைக்கு, "நீயும் உம்பட ஊட்டுக்காரியும் மெதுவா நடந்து ஒம்பதரைக்கு வந்துருங்க" என்றார். நாலு துறைக்கும் போன் போட்டு, "மேல இருந்து ஆபீசர் வாராராம், ஒம்பதரைக்கு ரோட்டு முக்குல இருக்கோணுமாம்" என்று சொல்லியிருந்தார். எந்தத் துறை ஆபீசர் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்துவிட்டார்கள். லைன்மேன் பதற்றத்தில் முட்டை வேன் டிரைவருக்கே ஒரு வணக்கம் வைத்தார். முட்டை வேன்காரர் அதை மறுக்கவும் இல்லை.

ரிட்டன் லோடு பழைய புக்கிங் ஆபீஸ் பலகையை மரத்தில் சாய்த்துவைத்து சாக்பீஸால் எழுதியிருந்தார். வண்டி, கிழமை, மேலே என்ன லோடு, கீழே என்ன லோடு. கீழே என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் 'காலி'.

"ஆபீசர் எங்கீங்க?" என்றார் லைன்மேன்.

"வருவாரு. அதுக்குள்ள லோடு பேசிக்கலாம்."

"இதெல்லாம் எங்க துறை இல்லீங்க" என்றார் முட்டை வேன்காரர்.

"ஆர்டர் இருந்தா செய்யலாமுங்க" என்றார் லைன்மேன்.

"ஆர்டரு வர்ற வரைக்கும் வயிறு நிக்குமா?"

நர்சம்மா மட்டும் மெதுவாக, "ஏனுங்க, முட்டை வேன்ல என்னைய மேல கொண்டு போய் உட்டீங்கன்னா, நடக்கற நேரத்துல பத்து பேர பாப்பனுங்க" என்றார். வேன்காரர் ஆகாயத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் என் மனைவி, "தலை சுத்துதுங்க" என்று சொல்லி மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நர்சம்மா நாடி பார்த்து, கண் இமையை இழுத்துப் பார்த்து, "உடனே ஆஸ்பத்திரி போவோணும்" என்றார். பலகையில் இருந்த 'காலி' அப்போதுதான் எல்லாருக்கும் படிக்க வந்தது.

மாட்டு டாக்டரம்மா ஜீப்பிலிருந்து மருந்துப் பெட்டியைத் தானே இறக்கி வைத்தார். "முன் சீட்ல உக்கார வைங்க. நர்சம்மா, கூட ஏறுங்க."

"மேடம், ரூல்ஸ் இருக்குதுங்க" என்றார் டிரைவர்.

"ரூல்ஸுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ குழி பாத்து ஓட்டு."

ஜீப் கிளம்பியது. ரிட்டன் லோடு பலகையில் ஒரு 'காலி'யை அழித்தார். அதை நான் ஜீப்பின் பின் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன்.

அன்று ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். அடுத்த மாதம் மாட்டு டாக்டரம்மா ஒன்றிய அலுவலகக் கூட்டத்தில் பேசியதில், அந்தப் பலகை ஆர்டராகக் காகிதத்தில் ஏறியது. முட்டை வேனில் நர்சம்மா மேலே போவார். மாட்டு ஜீப்பில் கர்ப்பிணிகள் கீழே வருவார்கள். ரத்தப் பரிசோதனைக் குப்பிகள் கரண்டு ஜீப்பில் வரும். அந்தக் கூட்டத்துக்கு நாலு துறையும் தனித்தனியாக நாலு வண்டியில் வந்ததைப் பார்த்து ரிட்டன் லோடு வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

மகள் பிறந்தாள். மூன்றாம் நாள் டீக்கடைக்கு ஓடினேன்.

"கமிஷன் எவ்வளவுங்க ஐயா?"

"இருவது ரூவா. ஆனா இப்ப வாங்க மாட்டேன். லோடு பத்திரமா எறங்குனாத்தான் கமிஷன்."

"பொறந்தாச்சுங்களே!"

"பொறந்தா ஏத்துன கணக்கு சாமி. அஞ்சு வயசு ஊசி வரைக்கும் போட்டு முடிச்சாத்தான் எறங்குன கணக்கு."

அதன்பின் ஒவ்வொரு ஊசிக்கும் குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டினேன். "லோடு எங்க வருது?" என்பார். "தட்டம்மை ஊசி தாண்டியாச்சுங்க." "செரி, பாத்து ஓட்டு." மகளுக்குக் காய்ச்சலடித்து எனக்குப் பயம் வந்தாலும் அவரிடம்தான் ஓடுவேன். "டிரைவரு பயந்தா லோடு சாயும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் அஞ்சு வருஷம் தூங்கினேன்.

போன புரட்டாசியில் அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்து சவ வண்டி காலியாகத் திரும்பியது. மறிக்க ஆளில்லை.

போன மாதம் மகளுக்கு அஞ்சு வயசு ஊசி. நர்சம்மா முட்டை வேனிலிருந்து இறங்கி வந்து போட்டு, அட்டையில் கடைசி டிக் அடித்தார். நான் இருபது ரூபாயை எடுத்துக்கொண்டு, கால் போன பழக்கத்தில் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டேன். பெஞ்சு காலி. மாட்டு ஜீப் இறங்கி வந்தது. பின்னால் இரண்டு கர்ப்பிணிகள், ஒரு சர்க்கரை நோய்க்காரர். முன் சீட்டு மட்டும் காலி. ரிட்டன் லோடு பார்த்திருந்தால் டிரைவரைக் கிழித்திருப்பார்.

லோடு பத்திரமா எறங்கிருச்சுங்க ஐயா. கமிஷன் பாக்கி, இருபது ரூபாய்.