ஆரஞ்சுத் தட்டும் மஞ்சள் பெட்டியும்

அந்த ஆரஞ்சுத் தட்டுகளை வீட்டைவிட்டு ஒழித்தே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பாட்டுக்கு எழுந்து நின்றபோது முடிவு செய்தேன்.

தட்டுகளா அவை? தீப்பிடித்த பூசணிக்காய்கள்! கேரட் வைத்தால் கேரட் தெரியாது. எங்கள் கல்யாணத்துக்கு என் மாமியார் ஒட்டிலி கொடுத்தவை. ஞாயிறுதோறும் மாமியார் சாப்பிட வருவார். அன்று மட்டும் அவை மேஜைக்கு வரும். கழுவுவது நான். ஒரு கீறல் விழுந்தாலும், என் மனைவி வெல்டாவை முன்பு பெண் கேட்டு வந்த பல் டாக்டரின் புராணம் தொடங்கிவிடும். "அவனுக்கு எவ்வளவு பதமான கை தெரியுமா மாப்பிள்ளை!"

என்னிடமா இதெல்லாம்? நான் யார்? அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தில், எங்கள் மாவட்டத்தின் கதிர்வீச்சு அதிகாரி. "சம்பளமில்லாத" என்று வெல்டா முன்னால் சேர்த்துக்கொள்வாள். ரஷ்யாக்காரன் அணுகுண்டு போட்டால் எந்தத் தெருவில் கதிர்வீச்சு என்று அளந்து சொல்ல, அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் மஞ்சள் பெட்டிகள் கொடுத்திருந்தது. அவை பராமரிப்புக்கு என் நிலவறைக்கு வரும். பாட்டரி மாற்றுவேன். துருவைச் சுரண்டுவேன். ஒவ்வொரு பெட்டியின் விலாவிலும் சோதனைக்கென்று பொட்டு மாதிரி ஒரு கதிர்வீச்சுத் துணுக்கு இருக்கும். பெட்டியின் அளவுக்குழாயை அதன்மேல் வைத்து, முள் சரியான இடத்தில் நிற்கும்வரை திருகைத் திருப்புவேன்.

வெல்டாவுக்கு அந்த நிலவறைமேல் ஒரு கண். போர்வை தைக்கிற மரச்சட்டத்தை அங்கே போட வேண்டுமாம்.

"தேசப் பாதுகாப்பை எடுத்துட்டு தையலா? நடக்காது!" என்று சொல்லியிருந்தேன்.

அவள் சரி என்று சிரித்துவிட்டுப் போனாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த சர்ச் ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, நிலவறையில் நான் வேலையாக இருந்தபோது வெல்டா ஒரு தட்டில் ரொட்டியும் இறைச்சியும் கொண்டுவந்து குழாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். முள் துள்ளியது. ரொட்டியை எடுத்தேன். மறுபடியும் துள்ளியது. ரொட்டி இல்லை, தட்டு! அந்த ஆரஞ்சு மெருகில் யுரேனியம்! சாப்பிடுகிறவர் சாகிற அளவு இல்லைதான். அதை நானாகச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஞாயிறு மதியம். மாட்டிறைச்சி, புளித்த முட்டைக்கோஸ், மாமியார். நான் மஞ்சள் பெட்டியை மேஜைமேல் வைத்தேன். அதற்கு வாய் கிடையாது. ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்க வேண்டும். அதை மாமியாரின் தொப்பிமேலேயே மாட்டி, குழாயை அவர் தட்டருகே நீட்டினேன்.

"என்ன மாப்பிள்ளை இது? யாரோ சோளம் பொரிக்கிறாங்க!"

"பொரிக்கிறது உங்க தட்டு அத்தை. கதிர்வீச்சு!"

மாமியார் முள்கரண்டியைக் கீழே போட்டார். எழுந்து நின்று முழங்கினேன்:

"அதிகாரிங்கிற முறையில சொல்றேன். இந்தப் பெட்டியில சத்தம் வர்ற எந்தப் பொருளும் இனிமே இந்த வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது!"

"எந்தப் பொருளுமா?" என்றாள் வெல்டா, பூனைபோல.

"எந்தப் பொருளும்!"

"யாரோடதா இருந்தாலுமா?"

"சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்!"

"கேட்டுக்கிட்டீங்களா அம்மா? நீங்கதான் சாட்சி. வாங்க ஆபீசர், கீழ போலாம்."

நிலவறையில், முதல் பெட்டியின் விலாப் பொட்டில் குழாயை வைத்தாள்.

"அம்மா, சத்தம் வருதா?"

"ஐயையோ, தட்டைவிட ஜாஸ்தி!"

"அது சோதனைக்கு வச்சது வெல்டா! அது இல்லாம முள்ளைச் சரிபார்க்கவே முடியாது!"

"நான் மட்டும் என்ன, தட்டு இல்லாம சோறு போட முடியுமா? அடுத்தது."

அடுத்ததும் பொரிந்தது. அதற்கடுத்ததும். இருட்டில் ஒளிர்கிற என் கடிகாரம் பொரிந்தது. மீன்பிடிக்கக் கொண்டுபோகிற என் விளக்கின் வலைத்திரி பொரிந்தது. என்ன அநியாயம்! அவளுடைய தையல் மெஷின் மட்டும் ஊமையாக இருந்தது.

"அதிகாரியே சட்டத்தை மீறினா ஊர் என்னத்துக்கு ஆகும்?" என்றார் மாமியார். அந்தப் பல் டாக்டராயிருந்தால் மீறியிருக்கமாட்டாராம்.

சாயங்காலத்துக்குள் நாட்டின் பாதுகாப்பு மொத்தமும் கோழிக்கூண்டுக்குப் போயிற்று. சுமந்தது நான். கோழிகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

தட்டுகளை வெல்டா செய்தித்தாளில் சுற்றி மாமியாரின் காரில் ஏற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு மனசே இல்லைம்மா. இவர்தான் வேணாம்னுட்டார்."

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கதிர்வீச்சைப் பெட்டியே இல்லாமல் அளந்திருக்கலாம். அன்றுமுதல் அவர் சுட்ட ஆப்பிள் பை என்கிற பலகாரம் ஊருக்கெல்லாம் கிடைத்தது, எனக்கு மட்டும் கிடைக்கவில்லை.

வெல்டா கண்மூடி ஆறு வருஷமாகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. போர்வைச் சட்டம் நிலவறையில் அப்படியேதான் நிற்கிறது. எடுக்க மனம் வரவில்லை. ஆனால் கோபம் கோபம்தான்.

அன்று மாமியாரின் கார் தெருமுனை திரும்பியதும் அவளிடம் சொன்னேன்:

"போனா போகுது. தட்டு விஷயத்துல நான்தானே ஜெயிச்சேன்?"

வெல்டா அலமாரியிலிருந்து புத்தம்புது வெள்ளைத் தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஆமா ஆபீசர். ஞாயித்துக்கிழமை தட்டு வெள்ளிக்கிழமையே எப்படிக் கீழ உங்க பெட்டிகிட்ட வந்துச்சாம்?"