ரிக்குக்காரர் மண் பார்த்த பேப்பர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு ஐந்தாவதோடு நின்றது, இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒன்று சொல்வேன்: எங்கள் திருச்செங்கோட்டில் ரிக்குக்காரரைப் போலச் சந்தேகப்பட இனி ஒருவர் பிறந்துதான் வரவேண்டும். என் கடையில் ஆவி பறக்கிற இட்லியைத் தொட்டுப் பார்த்து, "இது இன்னைக்கு ஊத்துனதுதானுங்களா அம்மிணி?" என்பார்.

தண்ணீருக்குப் போர் போடும் ரிக் வண்டி வைத்துப் பிழைத்தவர். துளை இறங்க இறங்க மேலே வரும் மண்ணைக் குவியல் குவியலாக வைத்து, விரலால் தேய்த்துப் பார்த்தபிறகுதான் தண்ணீரைப் பற்றி வாய் திறப்பார். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் சொல்பவரைக் கிட்டவே சேர்க்கமாட்டார்.

வண்டியை விற்றபிறகு, கம்ப்யூட்டர் சிப்பு செய்கிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் பங்கு வாங்கினார். கடைக்கூரை மாற்ற வைத்திருந்த பணத்தை நானும் யாருக்கும் தெரியாமல் வாழை இலையில் மடித்து, அதோடு சேர்த்துப் போடச் சொல்லி அவரிடம் கொடுத்தேன்.

ஒரு நாள் பேப்பரில் செய்தி. அந்தக் கம்பெனி இனி கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற சாமானும் செய்யப்போகிறதாம். அதே பங்கு வைத்திருந்த ஜவுளிக்கடை பாய் மூன்று பேப்பரோடு ஓடி வந்தார்.

"அண்ணே, மூணு பேப்பரும் ஆகா ஓகோங்குது! இன்னும் வாங்கிப் போடுங்க!"

"எழுதுனவன் பங்கு வெச்சிருக்கானா, பாய்?"

"அதை எப்படீங்க போய்க் கேக்கறது?"

"கேக்காம எப்படீங்க நம்பறது?"

ரிக்குக்காரர் மூன்றையும் கத்தரித்து என் பெஞ்சில் மூன்று குவியலாக வைத்தார். சாம்பார் வாளி வைக்க இடமில்லை. வரி வரியாக விரலை ஓட்டியவர் திடீரென்று துள்ளினார்.

"பாருங்க! 'வளர்ச்சியின் புதிய வாசல்'ங்கறான். இதுலயும் அதே வாசல், அதுலயும் அதே வாசல்! மூணு காட்டுல போர் போட்டு மூணுலயும் ஒரே மண்ணு வருமுங்களா? எவனோ ஒரே குழியில அள்ளி மூணு பக்கமும் கொட்டியிருக்கான். கம்பெனி எழுதிக் குடுத்ததை அப்படியே போட்டிருக்காங்க!"

பாய் நான்காவது பேப்பரை நீட்டினார். "சரி, இவன் திட்டியிருக்கான். தெரியாத தொழில்ல கால் வெக்கறாங்களாம். இதையாச்சும் நம்புங்க."

"இவன் பேரே போடலீங்க. பேரு சொல்லாதவன் எதுக்குத் திட்டறான்?"

"அப்ப விக்கறதா, வெச்சுக்கறதா?" பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

என் கூரைப் பணமும் அதில்தான் கிடந்தது. மழைக்காலம் பக்கத்தில் வந்துவிட்டது, கூரையில் வெளிச்சம் தெரிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்க வெட்கம். இட்லித் துணியை முறுக்கிக்கொண்டே நின்றேன்.

மறுவாரம் ரிக்குக்காரர் ஒரு வாழை இலைப் பொட்டலத்தை நீட்டினார். "உங்களுதை மட்டும் வித்துட்டனுங்க அம்மிணி. என்னுது கெடக்கட்டும். சந்தேகத்தோட படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வருமுங்க. உங்களுக்கு வராது."

அடுத்த மாதமே பங்கு ஏறிவிட்டது. பாய் கேலி செய்து தீர்த்தார். ரிக்குக்காரர் என் முகத்தைப் பார்க்கக் கூசி, பத்து நாள் கடைப்பக்கமே வரவில்லை. பிறகு வந்தவர் புதுத் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஒழுகாதுன்னு கடைக்காரன் சொன்னானாக்கும்? தண்ணி ஊத்திப் பாத்தீங்களா?"

பாயிடம் ஏணி வாங்கி, அந்த வயதில் தானே ஏறி, இரண்டு குடம் ஊற்றிப் பார்த்தபிறகுதான் இட்லிக்கு உட்கார்ந்தார்.

கம்பெனி விவகாரத்தில் நான் எதையாவது தப்பாகச் சொல்லியிருந்தால், விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். ரிக்குக்காரர் உயிரோடு இருந்திருந்தால் உங்களைக் கேட்டிருக்கமாட்டேன். கூரை இன்னும் ஒழுகவில்லை.