எங்க வீதியில தறி நின்ன அன்னிக்கு

போன மே மாசம், ஒரு புதன்கிழமை. அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைங்க. சத்தத்தப் பாத்துக்கறது.

அவ்வளவுதான். மலையப் பொரட்டற வேலையெல்லாம் இல்ல. அதையும் நான் எந்த லட்சணத்துல செஞ்சேன்னு கேளுங்க.

என்ற பொண்ணு இனியா. பத்தாவது பரீச்சை எழுதிப்போட்டு லீவுல இருந்தா. கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல ஸ்கூல் புள்ளைகளுக்கு கோடைக்கால சயின்ஸ் கேம்ப் நடத்தறாங்க. அங்கயே தங்கி, லேப்ல நின்னு, நெசமான புரொபசருககிட்டயே படிக்கலாம். எங்கெங்கயோ இருந்தெல்லாம் அப்ளை பண்ணுவாங்களாம். எடுக்கறது கொஞ்சம் பேரத்தான். இவ எங்க யாருகிட்டயும் கேக்காம அப்ளை பண்ணி, கட்டுரை எழுதி அனுப்பி, அதுல தேறியும் போட்டா. மிச்சம் இருந்தது ஆன்லைன் இண்டர்வியூ மட்டுந்தான்.

"இந்த லீவ உட்டா எனக்கு வேற லீவே இல்லப்பா. அப்பறம் பதினொண்ணு, பன்னெண்டு, டியூசன்னு சொல்லி அமுக்கிருவீங்க"ன்னா.

அமுக்கப் போறதே நாந்தானுங்க.

இண்டர்வியூல காட்டறதுக்கு ஒரு டப்பா செஞ்சு வெச்சிருந்தா. சோப்பு டப்பா சைஸு. உள்ள மைக்கு, ஒயரு, ஒரு செவப்பு லைட்டு. என்ன கண்ணு இதுன்னு கேட்டேன். ரொம்ப நேரம் வெளக்கினா. நானும் ரொம்ப நேரம் தலையாட்டுனேன். எனக்குப் புரிஞ்சது 'சத்தம்'ங்கற ஒரே வார்த்தைதான். பல்லடத்துல கோழித்தீவனக் கடை வெச்சிருக்கற ஆளுக்கு அதுக்கு மேல எதுக்குங்க?

முந்தின நாள் வந்து சொன்னா. "அப்பா, நாளைக்குப் பதினோரு மணிக்கு இண்டர்வியூ. அம்மாவும் தாராபுரம் போயிருச்சு. நீங்கதான் சத்தத்தப் பாத்துக்கோணும்."

"நீ கவலையே படாத கண்ணு. அப்பன் இருக்கறேன்"னேன்.

எங்க வீதி பூராம் விசைத்தறிங்க. எங்கூட்டுச் செவுத்துக்கு அந்தப் பக்கமே சுப்பண்ணன் தறிக்குடோன். பகலு ராத்திரின்னு இல்லாம டடக் டடக், டடக் டடக். எங்க வீதியில கொழந்தைக தறிச் சத்தத்துல தூங்கும், நின்னா எந்திரிச்சு அழுகும். இந்தச் சத்தத்துல பாப்பா எப்படிப் பேசுவா, புரொபசருக எப்படிக் கேப்பாங்க? அதான் சத்தத்தப் பாத்துக்கச் சொல்லியிருக்கறான்னு நானே முடிவு பண்ணிப்போட்டேன்.

காலைல சுப்பண்ணன் குடோனுக்குப் போனேன்.

எங்க பக்கம் எதையும் நேரா கேட்டுப்போட மாட்டோமுங்க. "தறிய நிறுத்துங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா அது மரியாதையா? மழை எப்ப வரும், நூல் வெலை எப்படி இருக்குது, முட்டிவலி தேவலையான்னு எல்லாம் விசாரிச்சு, டீயும் குடிச்சு முடிச்சேன். இண்டர்வியூன்னு சொல்றதுக்கும் மனசு வல்ல. நாளைக்கு சீட்டு கெடைக்கலைன்னா வீதியே வந்து துக்கம் விசாரிச்சுப்போடும். அதனால பட்டும் படாம சொன்னேன்.

"அண்ணா, ஊட்டுல ஒரு காரியமுங்க. செத்த நேரம் தறிய நிறுத்துனீங்கன்னா ஒத்தாசையா இருக்குமுங்க."

சுப்பண்ணன் மொகம் மாறிப்போச்சு. என்ற கையப் புடிச்சுக்கிட்டாரு.

"ஏனுங்க தம்பி... எப்பங்க எடுக்கறாங்க?"

அட, இவருக்கு இண்டர்வியூ விசயம் எப்படியோ தெரிஞ்சிருக்குது பாருங்களேன்!

"பதினொண்ணுக்கு எடுக்கறாங்கண்ணா."

"அத்தன வெரசாவா? வெளியூர்ல இருந்து வாரவிங்கல்லாம்?"

"நேர்ல யாரும் வாரதில்லீங்கண்ணா. கோயமுத்தூர்ல இருந்து ஆன்லைன்லயே பாத்துருவாங்க."

"காலம் எங்க வந்து நிக்குது பாருங்க"ன்னு பெருமூச்சு உட்டாரு. "மனசத் தேத்திக்கங்க தம்பி. மத்த குடோனுக்கெல்லாம் நானே போன் போட்டுச் சொல்லிப்போடறேன். நீங்க அலையாதீங்க."

என்ன மனுசன்! பொண்ணு இண்டர்வியூவுக்கு இப்படி உருகறாரேன்னு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. அதைப் பாத்து அவருக்கும் கலங்கிருச்சு. ரெண்டு பேரும் குடோன் வாசல்ல கண்ணத் தொடச்சுக்கிட்டோம்.

பதினோரு மணிக்கு இனியா ரூம்ல லேப்டாப் முன்னால உக்காந்தா. டப்பாவ ஜன்னல்ல வெச்சா. நான் நடையில சேர் போட்டுக் காவலுக்கு உக்காந்தேன்.

ஒவ்வொரு தறியா நின்னுச்சு. கடைசித் தறியும் நின்னதும் வீதியே கப்சிப். எங்கூட்டுக் கடிகாரம் சத்தம் போடுமுங்கறதே அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். காலு மேல காலப் போட்டுக்கிட்டேன். பெருமையா இருந்துச்சுங்க, சொல்லக்கூடாது.

கதவு படார்னு தொறந்துச்சு.

"அப்பா! தறி ஏன் நின்னுருச்சு? கரண்ட் போச்சா?"

"நாந்தான் கண்ணு நிறுத்தச் சொன்னேன். நீதான சத்தத்தப் பாத்துக்கச் சொன்ன?"

"ஐயோ அப்பா! நிக்காம பாத்துக்கங்கன்னு சொன்னேன்! தறிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்து, நூல் அறுந்து தறி நின்னா லைட் எரியோணும். அதான் அந்த டப்பா! இப்ப அது எதக் கேக்கும்? உங்க குசுகுசுப்பையா?"

கண்ணு ரெண்டும் நெறஞ்சுபோச்சு புள்ளைக்கு. "உள்ள மேடம் டெமோ காட்டச் சொல்லிப்போட்டாங்க. ஓட்டச் சொல்லுங்கப்பா"ன்னுட்டு உள்ள ஓடுனா.

ஓடிப்போயி கேட்டத் தொறந்தேன்.

வெளிய ஒரே கூட்டம். ஆம்பளைக தோள்ல துண்டு. பொம்பளைக தலையில முக்காடு. சங்கு ஊதற ஆளு கூட வந்து வெத்தல போட்டுட்டு நிக்கறாரு. முன்னால சுப்பண்ணன், கையில பெரிய ரோசாப்பூ மாலை.

அப்பத்தானுங்க எனக்கு உறைச்சுது. கரண்ட் இருக்கறப்ப எங்க வீதியில எல்லாத் தறியும் ஒண்ணா நிக்கறது ஒண்ணே ஒண்ணுக்குத்தான். வீதியில எழவு உழுந்தா. நான் சொன்னது 'ஊட்டுல காரியம்'. இதுல 'செத்த' வேற சேத்துத் தொலைச்சிருக்கறேன்.

அதச் சொல்றதுக்கும் நேரமில்ல. "அண்ணா, தறிய ஓட்டுங்கண்ணா!"ன்னு கெஞ்சுனேன்.

"எடுக்கறதுக்கு முன்னாடி எப்படிங்க தம்பி ஓட்டறது?"

"அதான் உள்ள எடுத்துட்டு இருக்கறாங்களே!"

"உள்ளயேவா!"ன்னு சுப்பண்ணன் ரெண்டடி பின்னால போனாரு.

செத்தது, எங்கூட்டுக்கு அப்பப்ப வந்து தங்கற என்ற மாமியாருன்னு சுப்பண்ணன் நெனச்சிருக்கறாரு. யாருன்னு கேட்டா மரியாதை இல்லைன்னு கேக்காம உட்டுட்டாரு. வீதியில மத்தவிங்க வேற கணக்குப் போட்டிருக்கறாங்க. எங்கூட்டுல மூணே பேரு. பொண்ணு ஜன்னல்ல தெரியறா. சம்சாரம் ஊர்ல இல்ல. அப்ப மிச்சம்?

அதத்தான் எதுத்தூட்டு ருக்குமணியக்கா சந்து வழியா வந்து, என்னையப் பாக்காமலே, ஜன்னலுக்குக் கீழ உக்காந்து மாரடிச்சுப் பாடிட்டு இருந்துச்சு.

"கோழிக்கெல்லாம் தீவனம் குடுத்த கொடைவள்ளலே... எங்க வீதிக்கு வெளக்கா நின்ன ராசாவே..."

பக்கத்துல போயும் எனக்குக் கூப்புட மனசு வல்லீங்க. உசுரோட இருக்கறப்ப அந்தக்கா என்னைய ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்ல. குப்பைத்தொட்டிய அவங்கூட்டுப் பக்கம் தள்ளி வெக்கறேன்னு சண்டைதான் போடும். இன்னொரு வரி கேப்போம்னு நின்னேன். மொதலாளி, தர்மதொரைன்னு அது பாட்டுக்குப் போயிட்டே இருந்துச்சு.

அப்பறம் பொண்ணு நெனப்பு வந்து, "அக்கா"ன்னேன்.

அக்கா திரும்பிப் பாத்துச்சு. பாட்டு பாதியில நின்னுச்சு. வாயி மட்டும் தொறந்தபடிக்கே இருந்துச்சு.

உள்ள இருந்து இனியா கத்தறா: "எரிஞ்சிருச்சு மேடம்! லைட் எரிஞ்சிருச்சு!"

தறி இல்லாட்டி என்னன்னு, நம்ம பொண்ணு டப்பாவ ஒப்பாரிப் பக்கமா திருப்பி வெச்சிருக்கறா. மாரடிக்கற தாளத்த அது தறின்னே எடுத்துக்கிச்சாம். அக்கா நிறுத்துனதும் நூல் அறுந்துபோச்சுன்னு செவப்பு லைட்டப் போட்டிருச்சு. அக்கா பயம் தெளிஞ்சு, மறுபடியும் மாருல தட்டிக்கிட்டே, "ஏனுங்க, நீங்க இருக்கறீங்களா?"ன்னு கேக்கறப்பத்தான் லைட் அணைஞ்சுதாம்.

"அது என்னம்மா வெளிய அழுகைச் சத்தம்?"னு உள்ள ஒரு மேடம் கேக்கறது ஜன்னல் வழியா கேட்டுச்சு.

"எங்கப்பா செத்துப்போயிட்டாருன்னு வந்திருக்கறாங்க மேடம். நல்லாத்தான் இருக்கறாரு. தறிய நிறுத்தச் சொன்னதுல வந்த கொழப்பம்."

"அவரக் கொஞ்சம் காட்டு பாக்கலாம்."

போனேன். கேமரா முன்னால நின்னேன். மாலைய வெச்சு என்ன பண்றதுன்னு தெரியாம சுப்பண்ணன் அதை என்ற கையில குடுத்து உட்டிருந்தாரு. திரையில இருந்த மூணு பேரும் என்னையப் பாத்தாங்க. மாலையப் பாத்தாங்க.

"நல்லாருக்கீங்களா சார்?"

"இருக்கறேனுங்க மேடம்."

அதுல ஒரு சார் காணாமப் போயிட்டாரு. சிரிக்கறதுக்குக் கேமராவ அணைச்சுப்போட்டாருன்னு இனியா அப்பறம் சொன்னா.

நான் வெளிய வந்து, வாசல்ல நின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி விசயத்த ஒடச்சுச் சொன்னேன். "மொதல்லயே பாப்பாவுக்குப் பரீச்சைன்னு சொல்லியிருந்தா நாங்க மாட்டமுன்னா சொல்லப்போறோமுங்க?"ன்னு சுப்பண்ணன் ஓடிப்போயி மோட்டாரப் போட்டாரு. டடக் டடக் மறுபடியும் ஆரம்பிச்சுது. அந்தச் சத்தம் அன்னிக்கு மாதிரி என்னைக்குமே எனக்கு இனிச்சதில்ல. பாப்பா அவரு தறியில நூல அறுக்கச் சொல்லி இன்னொருக்கா லைட்ட எரிய வெச்சுக் காட்டுனா. கூட்டமே ஜன்னல்ல நின்னு கைதட்டுச்சு. சங்கு ஊதற ஆளு மட்டும், "அப்ப நான் கெளம்பட்டுங்களா?"ன்னு மொகத்தத் தொங்கப்போட்டுட்டுப் போனாரு.

சம்சாரம் போன் பண்ணுனா. "ஏனுங்க, உங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு சொல்றாங்க?"

"இல்ல அம்மணி, இருக்கறேன்."

"இருக்கறவரு ஒரு போன் பண்ணிச் சொல்ல மாட்டீங்களா? அழுதுட்டே பஸ் ஏறி பாதி வழி வந்துபோட்டேன்!"

இனியா என்ற கூடப் பேசறத நிறுத்திப்போட்டா. சோறு வேணுமான்னு கேட்டாக்கூட அம்மாகிட்டச் சொல்லி எனக்குப் பதில் வரும். இவ்வளவு கூத்துக்கப்பறம் சீட்டு போயிருச்சுன்னே அவ நெனச்சா. நானும் அப்படித்தான் நெனச்சேன். கடையில உக்காந்தா தீவன மூட்டையெல்லாம் என்னையத் திட்டற மாதிரி இருக்கும். புள்ள ஆசைப்பட்டுக் கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதையும் கெடுத்துப்போட்டமேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கும்.

ஒரு நாள் கடைக்குப் போன் வந்துச்சு. அந்த மேடமேதான்.

"இனியாவுக்கு சீட்டு கெடச்சிருச்சு சார். இருக்கற சத்தத்த வெச்சு சமாளிச்சா பாருங்க, அது எங்களுக்கு ரொம்பப் புடிச்சுது. சேக்கறதுக்கு பேரண்ட்ஸ்ல ஒருத்தர் நேர்ல வரணும்." கொஞ்சம் இழுத்தாங்க. "உங்களால வர முடியுங்களா?"

"உசுர் இருந்தா வாரேனுங்க மேடம்"னுட்டு, கடை ஷட்டர எறக்கிப்போட்டு அழுதேன்.

கோயமுத்தூர் கூட்டிட்டுப் போனேன். பஸ்ஸுலயும் அவ என்ற கூடப் பேசல. ஜன்னல் பக்கமாவே பாத்துட்டு வந்தா. ஹாஸ்டல் கேட்டுல ஒரே கூட்டம், அப்பனாத்தாக, பொட்டி படுக்கையோட. பையக் கையில குடுத்தேன்.

"சரி கண்ணு, நான் போறேன்"னேன்.

விறுவிறுன்னு உள்ள போயிட்டு இருந்தவ அப்படியே நின்னா. திரும்பி ஓடியாந்து என்ற கையப் புடிச்சா.

"போயிட்டு வாரேன்னு சொல்லுங்கப்பா. ஒருக்கா போனதே போதும்."