சம்பந்திக்கு, ஹெல்மெட் மைக் விஷயமாக

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. அவ்வளவு தூரமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனீர்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறதோ என்று எனக்கு உண்மையிலேயே கவலை. அந்தக் கவலையை முழங்காலோடு நிறுத்திக்கொண்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.

இது நானாக எழுதும் கடிதம் அல்ல. உங்கள் மருமகள், அதாவது என் மகள், எழுதச் சொல்லி எழுதுகிறேன். "அப்பா, மாமாகிட்ட மன்னிப்புக் கேட்டு ஒரு கடுதாசி போடுங்க. போன் வேண்டாம், போன்ல நீங்க சண்டைதான் போடுவீங்க. கடுதாசி அவர் கைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் வீட்டு அழைப்பு மணியைப் பொருத்தியவன் நான். அதை நான் அழுத்தக் கூடாதாம். ஆகவே எழுதுகிறேன். மன்னிப்பு வரவேண்டிய இடம் வரும்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நீங்கள் கேட்டது என் வாயை மட்டும்தான், என் நியாயத்தை இன்னும் கேட்கவில்லை. என் பைக் தூரப் பயணத்துக்கென்றே செய்த பைக் என்பது உங்களுக்குத் தெரியும். முன்னால் காற்றைத் தடுக்கக் கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, பின்சீட்டில் சாய்ந்துகொள்ள முதுகுப்பலகை. அதில் என் மனைவி ஏற மாட்டேன் என்றுவிட்டாள். "அதுல ஏற ஏணி வேணும், இறங்க ஆள் வேணும்" என்றாள். நீங்கள் ஏறினீர்கள். அதற்கு அன்றும் நன்றி, இன்றும் நன்றி. ஆனால் நாம் போன முதல் பயணத்தில் காற்றுச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. நீங்கள் என் தோளில் தட்டினீர்கள். பிரமாதமாக ஓட்டுகிறேன் என்று தட்டுகிறீர்கள் என எண்ணி வேகத்தைக் கூட்டினேன். மறுபடி தட்டினீர்கள், மறுபடி கூட்டினேன். வண்டியை நிறுத்தியதும் நீங்கள் கழிப்பறையை நோக்கி ஓடிய ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் அந்தத் தட்டலுக்கு அர்த்தம் புரிந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், சம்பந்தியும் நானும் வாய்விட்டுப் பேசிக்கொண்டு போக ஒரு வழி செய்யவேண்டும் என்று. ஆக, இந்தச் சனியனை வாங்கியதே உங்களுக்காகத்தான். இதை மகளிடம் சொன்னால் "பேச்ச மாத்தாதீங்கப்பா" என்கிறாள்.

ஹெல்மெட்டுக்குள் வைக்கும் ஒயர்லெஸ் ஸ்பீக்கர், மைக் எல்லாம் பெட்டியில் வந்தது. நமக்கு இரண்டு, பிள்ளைகள் பைக்குக்கு இரண்டு. மாப்பிள்ளை தங்கமானவர், ஆனால் அவருக்குக் கடை மேல் ஒரு தனி நம்பிக்கை. "மாமா, கடையில குடுத்தா அவங்களே மாட்டிக் குடுத்துடுவாங்க" என்றார். "ஊர்ல எந்த சிக்னல் கம்பத்துல விளக்கு எரியலைன்னாலும் என்னத்தான் கூப்பிட்டாங்க மாப்பிள்ளை. கம்பத்து மேல ஏறி, கீழே லாரிக்காரன் திட்டத் திட்ட ஒயர் மாட்டினவன் நான். சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து மாட்ட மாட்டேனா?" என்றேன். மாட்டினேன். ஹெல்மெட்டின் கன்னத்துப் பஞ்சைப் பிய்த்தெடுத்து, காதுக் குழிவில் ஸ்பீக்கரை ஒட்டி, ஒயரைத் துணிக்கடியில் ஓட்டி, மோவாய்ப் பக்கம் மைக்கை வைத்து, பஞ்சைத் திரும்ப மாட்டினேன். முதல் ஹெல்மெட்டில் குழி தப்பிவிட்டது, மாட்டும்போது என் காது புத்தகத்தின் பக்கம் மடிவது மாதிரி மடிந்தது. சரிசெய்தேன். பேட்டரியைப் போட்டு, ஒயர்லெஸ்ஸில் மற்றவற்றோடு ஜோடி சேர்க்கும் வேலையையும் முடித்து ஹெல்மெட்டோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அது எங்களை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு டிவியோடு ஜோடி சேர்ந்துகொண்டது. யாரோ ஒரு பெண்மணி என் காதுக்குள் "இப்போது நன்றாகக் கிளறுங்கள்" என்றாள். திடுக்கிட்டு எழுந்துவிட்டேன். என் மனைவி, "வீட்டுக்குள்ள எதுக்கு ஹெல்மெட்டு? கூரை விழப் போகுதுன்னு ஏதாவது தெரியுமா? தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க" என்றாள். உங்கள் ஹெல்மெட்டைக் கடைசியாகச் செய்தேன், கை நன்றாகப் பழகிய பிறகு.

இப்போது விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். பைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு என் மைக்கைத் திறக்கவும் மூடவும் அந்தப் பெட்டியில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் பச்சை எரியும், மறுபடி அழுத்தினால் சிவப்பு எரியும். அதோடு விளக்கப் புத்தகமும் இருந்தது. நான் படிக்கவில்லை என்று மகள் சொல்கிறாள். தப்பு. படித்தேன். பச்சை, சிவப்பு பற்றிய பக்கத்தை மட்டும் திருப்பிவிட்டேன். வாழ்நாள் முழுக்கப் பச்சையையும் சிவப்பையும் எரியவைத்துச் சோறு தின்றவனுக்கு, பச்சை என்றால் என்ன சிவப்பு என்றால் என்ன என்று ஒரு தாள் பாடம் எடுப்பதா? பச்சை என்றால் போ. சிவப்பு என்றால் நில். பச்சையில் பேசலாம், சிவப்பில் வாய் அடைபட்டிருக்கும். உலகத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும். ஆனால் உங்கள் தொழிலில் வேறு மாதிரியாம். ரேடியோ நிலையத்தில் சிவப்பு எரிந்தால்தான் மைக் திறந்திருக்கிறது என்று அர்த்தமாம், செய்தி வாசிப்பவர் அப்போதுதான் வாயைத் திறப்பாராம். இந்தப் பெட்டியைச் செய்தவன் உங்கள் கட்சி. இதை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? சம்பந்தி வீட்டில் பெண்ணைக் கொடுக்கும் முன் இதையெல்லாமா விசாரிப்பார்கள்?

கிளம்பியதும் பச்சையை எரியவிட்டு உங்களிடம் மரியாதையாகப் பேசினேன். "சம்பந்தி, வசதியா உட்கார்ந்திருக்கீங்களா? வெயில் முகத்துல அடிக்குதா? எங்கயாவது நிறுத்தணும்னா சொல்லுங்க" என்றேன். பதில் இல்லை. "உங்க பையன் நல்லா ஓட்டறாரு, பார்த்தீங்களா" என்றேன். பதில் இல்லை. பழைய சிக்னல் ஒன்றைக் காட்டி, அதை மழையில் நான் பழுது பார்த்த கதையைச் சொன்னேன், நல்ல கதை. அதற்கும் பதில் இல்லை. முன்னால் போன பிள்ளைகள் பேசுவது எனக்குக் கேட்டது, நான் பேசியதற்கு அவர்களும் பதில் சொல்லவில்லை, அது வழக்கம்தான். ஆனால் நீங்கள்? நாடு முழுக்கக் கேட்கப் பேசின வாய், முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஒரு 'உம்' கொட்டாதா என்று எனக்குள்ளே ஏதோ பொங்கியது. பொங்கியதை உங்களிடம் காட்டக் கூடாது என்ற நாகரிகம் எனக்கு இருந்ததால், பொத்தானை அழுத்திச் சிவப்பை எரியவிட்டு, எனக்கு நானே பேச ஆரம்பித்தேன்.

என்ன பேசினேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் மகள், "என்ன சொன்னீங்கன்னு எழுதி, அதுக்குக் கேளுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன், எழுதும்போதே உடம்பெல்லாம் கூசுகிறது. உங்கள் குரலில் செய்தி வாசித்தேன். "வணக்கம். தலைப்புச் செய்திகள். பின்சீட்டில் ஏற்றப்பட்ட மூட்டை இதுவரை வாய் திறக்கவில்லை. ஓட்டுநர் எழுப்பிய கேள்விகளுக்கு மூட்டை தரப்பில் விளக்கம் எதுவும் அளிக்கப்படவில்லை. வானிலை. பின்சீட்டுப் பகுதியில் கடும் இறுக்கம் தொடர்ந்து நீடிக்கும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். டீ கேட்பதைக்கூட நீங்கள் அறிக்கை மாதிரி கேட்பீர்கள் என்று சொல்லி, "சர்க்கரை... குறைவாக" என்று நடித்துக் காட்டினேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். வண்டி நேர்சாலையில் போய்க்கொண்டிருந்தது, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான் வேலை, வாய் தன்பாட்டில் போய்விட்டது. "இந்த மனுஷன் என்ன மந்திரம் போட்டாரோ, என் பொண்ணு எதுக்கெடுத்தாலும் 'மாமாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேம்ப்பா'ங்கறா. வீட்டுல ஃப்யூஸ் போனாக்கூட அவரைத்தான் கேக்கறா. ஃப்யூஸப் பத்தி அவருக்கு என்ன தெரியும், கரண்டு போச்சுன்னு நியூஸ் படிக்கத்தான் தெரியும். நான் ஒருத்தன் இருக்கேங்கறது அவளுக்கு ஞாபகம் இருக்கா இல்லையா" என்று சொன்னேன். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினேன். காற்றுச் சத்தத்தை நீக்கிக் குரலை மட்டும் எடுத்துக்கொடுக்கும் என்று பெட்டி மேல் போட்டிருந்தது உண்மைதான். உறிஞ்சியதுகூடத் துல்லியமாகக் கேட்டதாம்.

இடையில் மகள் என் காதில் "அப்பா! மைக்! அப்பா, மைக்கு!" என்று கத்தினாள். மைக்கை மெச்சிக்கொள்கிறாள் என்று எண்ணி, "ஆமாம்மா, அருமையான மைக்கு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடியும் கத்தினாள். ஒரு மனிதன் மனம்விட்டுத் தனியாகப் பேசும்போது இந்தப் பாராட்டு இடைஞ்சலாக இருந்ததால் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன். மாப்பிள்ளை முன்னால் போகிற வண்டியிலிருந்து கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

டீக்கடையில் நிறுத்தினோம். நீங்கள் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் தொங்கவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "நான் பஸ்ல போயிக்கறேன்" என்றீர்கள். அவ்வளவுதான். போய்விட்டீர்கள். "என்ன ஆச்சு இவருக்கு? சீட்டு உறுத்துதா?" என்று மகளைக் கேட்டேன். அவள் கண் கலங்கி நின்றாள். "எல்லாம் கேட்டுச்சுப்பா" என்றாள். "எல்லாம்னா?" என்றேன். "தலைப்புச் செய்தியிலருந்து" என்றாள். நான் பொத்தானைப் பார்த்தேன். அப்போதும் சிவப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

சம்பந்தி, வெட்கத்தைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. அன்றிலிருந்து அந்த ஹெல்மெட்டை அலமாரியில் முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். போன் மணி அடித்தால் குளிக்கிற மாதிரி குளியலறைக்குள் போய்விடுகிறேன், தண்ணீரையும் திறந்துவிடுகிறேன். "இந்த வீட்டுல இவ்வளவு சுத்தமா யாரும் இருந்ததில்லை" என்கிறாள் என் மனைவி. உங்களைச் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். என் மகள் அவள் காதாலேயே, நான் அவளைப் பற்றி மூக்கை உறிஞ்சிக்கொண்டு புலம்பியதைக் கேட்டுவிட்டாள். சிக்னல் கம்பத்திலிருந்து விழுந்தபோதுகூட அவளுக்கு முன்னால் நான் முகம் சுளித்ததில்லை. இனி அவள் "சாப்டீங்களாப்பா" என்று கேட்டால்கூட, பாவம் என்று கேட்கிறாளோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஆனால் ஒன்று. சிவப்பு என்றால் நில் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பெட்டியைச் செய்தவன் செய்தது தவறு. நான் தனியாகப் பேசியதை நீங்கள் கேட்டது, என் வீட்டுக் கதவு சாத்தியிருந்தபோது உள்ளே நடந்ததைக் கேட்டது மாதிரி. கதவு திறந்திருந்தது என் தவறு என்றால் அது கதவின் தவறு. ஆகையால் மகள் கேட்ட அந்த வார்த்தையை எழுத முயன்றேன், பேனா ஓடவில்லை. வருத்தம் என்று எழுதுகிறேன், அதையே அந்த வார்த்தையாக எடுத்துக்கொண்டு, 'வந்து சேர்ந்தது' என்று உங்கள் மருமகளிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். மணியை அழுத்தாமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் நீண்ட நாள் ஒற்றுமையாக வாழ உங்களுடைய ஆசியும் எங்களுடைய ஆசியும் போதும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகளைப் பெற்ற தகப்பன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சற்றுமுன் சம்பந்தியம்மா என் மனைவியிடம் போனில் பேசினார்கள். நான் குளியலறையில் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "உங்க வீட்டுக்காரருக்கு எங்க வீட்டுக்காரர் மேல என்ன கோவம்? இவர் வழியெல்லாம் தொண்டை கட்டற வரைக்கும் பேசிட்டு வந்தாராம், ஒரு வார்த்தைக்குக்கூட அவர் பதில் சொல்லலையாம். அந்த அவமானம் தாங்காமத்தான் பஸ் ஏறினாராம்" என்றார்கள். உடனே போய் உங்கள் ஹெல்மெட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஸ்பீக்கரையும் மைக்கையும் ஹெல்மெட்டின் வெளிப்பக்கம் ஒட்டிய ஒயர்லெஸ் கருவியோடு சேர்க்கும் பிளக்கை நான் செருகவே இல்லை. அதன் பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றப்படாமல் இருக்கிறது. ஆகவே நீங்கள் எதையும் கேட்கவில்லை, மேலே எழுதியதைப் படிக்கும் வரை. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், திட்டியது அதில் ஏன் இல்லை என்று மகள் கேட்பாள், நான் பிளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். செருகாமல் விட்ட பிளக்குக்காக என்னை மன்னித்துவிடுங்கள் சம்பந்தி, மனமார மன்னித்துவிடுங்கள், இப்படி ஒரு வேலையை நான் என் தொழிலில் செய்ததே இல்லை. தொண்டை கட்டும் அளவுக்கு என்னிடம் என்ன சொல்லிக்கொண்டு வந்தீர்கள் என்று விவரமாக எழுதவும், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன். பிள்ளைகள் கேட்டால் மட்டும், நான் உங்களைத் திட்டியது முழுவதும், ஒரு வார்த்தை விடாமல், மிகத் தெளிவாகக் கேட்டது என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.