குளத்துக்குள் ஒரு மனை

அசையாமல் நிற்பதில் கொடிக்கம்பத்தை மிஞ்ச இந்த உலகத்தில் இன்னொருவர் கிடையாது. குற்றால மலை இருக்கிறதே என்பீர்கள். மலையாவது சாரல் வந்தால் மேகத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. கொடிக்கம்பம் அதுகூடச் செய்ய மாட்டார்.

யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள். தென்காசிப் பக்கம் ஒரு சர்வே ஆபீசில் நான் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். பென்ஷன் வாங்குகிறவன் நான். சர்வேயர் நிலம் அளக்கும்போது தூரத்தில் எல்லைக் கல்லருகே கொடி பிடித்து நிற்க ஓர் ஆள் வேண்டும். கல் முள்ளுக்குள் இருக்கும், சேற்றுக்குள் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நிற்பதற்கென்றே ஊருக்குக் கிழக்கே இருந்த சேரியிலிருந்து ஆள் கூப்பிடுவார்கள். அப்படி வந்தவர்தான் அவர். கோயில் கொடிமரத்தைக் கிட்டே போய்ப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லாத காலம். ஆனால் அவருக்குக் கொடிக்கம்பம் என்று பெயர் வைத்துச் சிரிக்க ஆபீசில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை.

சர்வேயர் கை காட்டும்வரை அவர் நகர மாட்டார். ஒருநாள் சர்வேயர் அவரை ஒரு தோப்போரம் நிறுத்திவிட்டு, அதை மறந்து வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். சாப்பிட்டார், தூங்கினார், எழுந்து காபியும் குடித்தார். அந்திக்கு ஞாபகம் வந்து நாங்கள் ஓடிப் பார்த்தால், மனுஷன் நிற்கிறார். கொடிக்கம்பில் யாரோ ஒருத்தி துவைத்த சேலையைக் காயப் போட்டிருக்கிறாள். அவர் காலில் ஓர் ஆட்டுக்குட்டியை வேறு கட்டியிருக்கிறார்கள்.

"ஏலே, வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதானல?" என்றார் சர்வேயர்.

"நீங்க கை காட்டலியே ஐயா. சேலை அப்பமே காஞ்சிட்டு. அந்தப் பிள்ள வந்து எடுத்துட்டுப் போனா நல்லாருக்கும்."

அந்த வட்டாரத்து வயலில் பாதிக்குமேல் ஒரு பண்ணையாருடையது. மீதியையும் அளவு நடக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்வார். ஒருமுறை சர்வேயர் எதிர்ப்பக்கம் அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கொடிக்கம்பத்திடம், "ஏலே, ஒரு நாலடி மேக்க தள்ளி நில்லு" என்றார்.

"நான் தள்ளி நிப்பேன் எசமான். கல்லு வரமாட்டேங்குதே!"

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. கொடி அசையவில்லை. சர்வேயர் வேறு பக்கம் பார்த்தார். நானும் அதே பக்கம்தான் பார்த்தேன்.

இதற்கிடையில் சர்க்கார் உத்தரவு ஒன்று வந்தது. சேரியில் நாற்பது குடிசை; அத்தனையும் பண்ணையார் நிலத்தில். ஊர் சாப்பிடும் நெல்லை நட்டு அறுத்துக் கொடுத்த ஜனங்கள், கூலி கொஞ்சம் கூடக் கேட்டால், "குடிசையப் பிரிலே" என்ற ஒரு வார்த்தைக்கு அடங்கிப் போக வேண்டும். அவர்களுக்குச் சொந்த மனை கொடுக்கச் சொன்னது உத்தரவு. மனை கிடைத்தால் நிமிர்ந்து பேசலாம். அது பண்ணையாருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

திட்டம் போடக் கூட்டம் கூடினார்கள். பண்ணையார், சர்வேயர், ஊர்ப் பெரிய மனிதர்கள், குறிப்பெடுக்க நான். சேரியிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. குற்றாலம் ரோட்டோரம் நல்ல மேட்டு நிலம், சர்க்கார் புறம்போக்கு, சும்மா கிடந்தது. அதை டென்னிஸ் மைதானத்துக்கு ஒதுக்கினார்கள். சீசனுக்கு வரும் பிரமுகர்கள் அருவியில் குளித்த களைப்புத் தீரப் பந்தடிக்க வேண்டாமா? குப்பைக் கிடங்கு கிழக்கே, தோல் ஷெட் கிழக்கே, ஜனங்களுக்கு மனையும் கிழக்கே. எங்கள் ஊரில் அடிப்பது மேல்காற்று. நாற்றம் எந்தப் பக்கம் போகும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மனைக்கென்று அவர்கள் காட்டிய இடம் குளம். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடந்த தண்ணீர் தேங்கும் குளத்து உள்வாயைப் போய்ப் பார்த்து, 'தரிசு' என்று எழுதிவிட்டார்கள். அந்தக் குளத்தில்தான் நான் நீச்சல் பழகினேன். தெரிந்தே 'தரிசு' என்று அழகாகப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வாய் திறந்து சொன்னவர் கொடிக்கம்பம் ஒருவர்தான்.

"ஐயா, இது குளம்லா. சாரல் விழுந்தா தண்ணி பூராவும் இங்கனதான் வந்து நிக்கும்."

சர்வேயர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். "படத்துல குளம்னு எங்கலே இருக்கு? படத்துல இல்லாத தண்ணி எங்க இருந்து வரும்?"

ஆனி மாதம் அது மலையிலிருந்து வந்தது. மனை ஒப்படைக்கும் நாளன்று காலையிலேயே கணுக்கால் தண்ணீர். குறித்த நாள் தவறக் கூடாது என்று, சர்வேயர் கரையில் குடை பிடித்துக்கொண்டு, கொடிக்கம்பத்தை முதல் மனைக் கல்லில் போய் நிற்கச் சொன்னார். பட்டியலில் முதல் மனை அவருக்கே எழுதியிருந்தது.

முழங்கால் வந்தது. சர்வேயர் கை காட்டினார். கொடிக்கம்பம் நகரவில்லை. தொடை வந்தது. சர்வேயர் குடையையே ஆட்டினார்.

"ஏலே, கை காட்டுதேம்லா! கண்ணு தெரியலையா?"

"நல்லாத் தெரியுது ஐயா. இது என் மனை. என் வீட்டுல நான் நிக்கேன். குடியிருக்கலாம்னு நீங்கதான எழுதியிருக்கீக?"

சேரி முழுக்க வந்துவிட்டது. ஒவ்வொரு குடும்பமும் பானை, கோழி, ஆடு சகிதம் தண்ணீரில் இறங்கி, அவரவர் மனையைத் தேடிப் போய் நின்றது. சர்வேயர் காகிதத்தில் போட்ட தெருவும் சந்தும் குளத்துக்குள் அப்படியே தெரிந்தன.

"ஏட்டி, நீ என் அடுக்களைல நிக்கே!" என்று ஒருத்தி கத்தினாள்.

"போட்டி, உன் அடுக்களைலதான் மீன் ஓடுது, பிடிச்சுக் கொழம்பு வையி!" என்றாள் மற்றவள்.

கொடிக்கம்பத்துக்கு இடுப்பளவு வந்தபோது சர்வேயர் ஆடிப்போனார். ஆள் செத்தால் ரிப்போர்ட் எழுத வேண்டுமே! "பெரிய ஐயா வந்து பாத்துச் சொல்லட்டும், ஏறுதேன்" என்று கொடிக்கம்பம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என்னைக் குற்றாலத்துக்கு விரட்டினார் சர்வேயர். சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்தால், சீசனுக்கு முகாம் போட்டிருந்த மேலதிகாரி உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஆள் முழுகப் போகிறான் என்றதும், துண்டோடு காரில் ஏறினார்.

வந்து பார்த்தவர், "இது என்ன குளம்?" என்றார்.

"குளம் இல்லைங்க, தரிசு" என்றார் சர்வேயர். பழக்க தோஷம்.

"அப்படியா? அந்தத் தரிசுல கொஞ்சம் நடந்து காட்டும்."

சர்வேயர் பூட்ஸும் கால்சட்டையுமாக இறங்கினார். நெஞ்சுவரை போனபோதுதான் அதிகாரி போதும் என்றார். கரையிலேயே உத்தரவு மாறியது: மேட்டு நிலம் ஜனங்களுக்கு, டென்னிஸ் மைதானம் ரத்து.

இதோடு நிறுத்தினால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அதிகாரி, கை காட்டியும் ஏறாத ஒழுங்கீனத்துக்காகக் கொடிக்கம்பத்தை வேலையிலிருந்து நீக்கிவிட்டுத்தான் காரில் ஏறினார். தப்புச் செய்தவருக்கு நனைந்த கால்சட்டை. தப்பைக் காட்டியவருக்கு வேலை நீக்கம்! எத்தனை வருஷம் ஆனாலும் எனக்கு இது ஆறாது.

மறுநாள் சர்வேயர் மேட்டு நிலத்துக்கான மனைப் பட்டியலை எடுத்து, கொடிக்கம்பத்தின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். பண்ணையாரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "இவனுக்குக் கிடையாது. சுத்தப் பிரதி எடும்" என்று சர்வேயர் அதை என் மேஜையில் போட்டுவிட்டுப் போனார்.

எழுதினேன். நாற்பது பெயரையும் எழுதினேன். மேலே போன பிரதியில் சர்வேயர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார், அது அவர் வழக்கம்.

பட்டா கொடுத்த அன்று கொடிக்கம்பம் என்னிடம் வந்தார். "ஐயா, நம்ம பேர அடிச்சிட்டாகன்னு சொன்னாக. திரும்ப எப்படி வந்துது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கம்போல அசையவில்லை. கடைசியில் நான்தான், "போங்க அண்ணாச்சி, போயி வீட்டக் கெட்டுங்க" என்றேன். சொல்லிவிட்டு, கண்ணில் தூசி விழுந்த மாதிரி குனிந்துகொண்டேன்.