கங்காணியின் மூன்றாவது கடி

கங்காணி மூன்றாவது முறையாகக் கடித்தபோது வீரையாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ஆண்டாயிக்குத் தன்மேல் கோபம்தான்.

கங்காணி என்பது ஒரு பூரான். நாலு வருடத்துக்கு முன் விறகுக் கட்டிலிருந்து விழுந்தது. அடிக்கப்போன வீரையாவைத் தடுத்து, ஊறுகாய் பாட்டிலில் ஈரமண் போட்டு வளர்த்தவள் அவர் மனைவி ஆண்டாயி. சிலோனில் அவள் அப்பாவை விரட்டி விரட்டி வேலை வாங்கிய கங்காணியின் நினைவாகப் பெயரும் வைத்தாள். "இத்தன காலு இருக்கு, ஒரு வேல செய்யிறதில்ல. ஒளிஞ்சு நின்னு நம்மளப் பாக்குறதோட சரி" என்பாள். அது அவள் முழங்கை வரை ஏறி இறங்கும். ஒருநாளும் கடித்ததில்லை.

அவள் இறந்துபோய் எட்டு மாதம். அதற்குள் வீரையாவை மூன்று கடி.

"மறுபடியுமா!" என்று ஓடிவந்தார் பக்கத்து வீட்டு எட்மண்ட். ஃபேக்டரி வாட்ச்மேன். கங்காணிக்குக் கரப்பான்பூச்சி சப்ளை செய்பவர். "கைய ஏண்ணே உள்ள விட்டீங்க?"

"அவ விடுவாளே."

"அக்கா வேற, நீங்க வேற."

"நெறங்கூட மாறிருச்சு எட்மண்ட். போன வாரம் செவப்பா இருந்தான். இப்பக் கருத்துக் கெடக்கான்."

எட்மண்ட் கூரைத் தகரத்தைப் பார்த்தார். "தோலு உரிச்சிருப்பான்."

வலியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மகள் ரஞ்சனி திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். இரண்டாவது கடியின்போதே போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவ கடிச்சுதுன்னா பாட்டிலத் தூக்கி வீசிட்டு உங்களக் கையோட கூட்டிட்டு வந்துருவேன்." கட்டபெட்டில் இறங்கி அடுத்த பஸ் பிடித்தால் பன்னிரண்டு மணிக்கு எஸ்டேட் வாசலில் நிற்பாள்.

"வீக்கம் தெரியக் கூடாது, அவ்வளவுதானே?" என்ற எட்மண்ட், மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துத் தடவினார். வீக்கம் குறையவில்லை. விரல் மட்டும் ரத்தச் சிவப்பாக மாறி, தூரத்திலிருந்தே தெரிந்தது.

"கழுவுனாப் போகுமா?"

"நாலு நாளாகும்ணே."

எனவே கம்பளிக் கையுறை. வீரையா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைத்தார். கால் மணி நேரத்தில் விரல் மேலும் வீங்க, கையுறை கழற்ற வரமாட்டேன் என்றது. எட்மண்ட் ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்துப் பார்த்தார். வீரையாதான் வந்தார்; கையுறை வரவில்லை.

டிஸ்பென்சரியில் ஹன்னா சிஸ்டர் கத்தரிக்கோலால் கையுறையை வெட்டி எடுத்தாள். வந்து பத்து நாள்தான் ஆன பெண். விரலைப் பார்த்ததும் பதறினாள்.

"என்ன ஐயா கடிச்சது?"

பூரான் என்று சொன்னால் அடுத்த நிமிடமே தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கத் தெரியும். ரஞ்சனி பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள். வீரையா சாமர்த்தியமாக, பூரானுக்கு அவர் வீட்டுக்குள் மட்டும் புழங்கும் பழைய சிலோன் வார்த்தையைச் சொன்னார்.

"மட்டத்தேளுங்க."

"தேளா!"

"தேளு இல்லீங்க, மட்டத்தேளு."

"எந்த மட்டமா இருந்தா என்ன, தேள் தேள்தானே? வீட்டுக்குள்ளயா?"

"வீட்டுக்குள்ளதான். நாலு வருசமா இருக்கு."

ஊசியைக் குத்திவிட்டு, கையைத் தேங்காய் அளவுக்குக் கட்டுப்போட்டு அனுப்பினாள் ஹன்னா. அடுத்த வேலையாக ஆபீசுக்குப் போன் செய்தாள். நாலு வருடமாக லயத்தில் தேள் குடியிருக்கிறது என்றால் எத்தனை குட்டி போட்டிருக்குமோ என்று ஆபீசில் கணக்குப் போட்டார்கள். ஜீப் கிளம்பியது, மைக்கோடு. "எல்லாரும் வீட்டுச் சாமான வெளிய எடுத்து வைங்க! மருந்து அடிக்கணும்!"

வீரையா கட்டோடு மேட்டைச் சுற்றி வந்தபோது பன்னிரண்டு வீட்டுக் கட்டிலும் பாத்திரமும் டி.வி.யும் பாதையில் நின்றன. கடைசி வீட்டுப் பேச்சியம்மா நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, ஒத்தத் தேளுக்கு எல்லா வீட்டையும் காலி பண்றதா? எம் புளிப்பானை கூட வெய்யிலு காயுது!"

அவர் வீட்டையும் எட்மண்ட் காலி செய்திருந்தார். கட்டிலின் நடுவில், ஊருக்கே தெரியும்படி, ஊறுகாய் பாட்டில்.

வீரையா அதை நோக்கி ஓடுவதற்குள் பின்னாலிருந்து குரல்.

"என்னப்பா, ஊட்டக் காலி பண்ணி ரெடியா நிக்கிறீங்க? நான் இன்னும் கூப்புடவே இல்லியே!"

ரஞ்சனி. வீரையா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"கையில என்ன?"

"குளுரும்மா."

"ஒரு கைக்கு மட்டுமா?"

பதில் பேச்சியம்மாவிடமிருந்து வந்தது. "ஐயோ, உனக்குத் தெரியாதா கண்ணு? உங்கப்பாவ மட்டத்தேளோ என்னவோ கடிச்சிருச்சாம். அதுக்குத்தான் இந்தக் கூத்து!"

அந்த லயத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் இப்போது இரண்டே பேர்தான். அதில் ஒருத்தி ரஞ்சனி. அம்மா மடியில் கேட்ட வார்த்தை. அவள் பார்வை மெதுவாகத் திரும்பி, கட்டிலில் போய் நின்றது.

"எத்தனாவது தடவ?"

"மூணு."

ரஞ்சனி பாட்டிலை எடுத்துக்கொண்டு தேயிலைச் சரிவின் விளிம்புக்குப் போனாள். கையை ஓங்கினாள்.

"வீசாத தாயீ!" வீரையாவின் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "கடிக்கட்டும். அவ கோவம் தீர்ற வரைக்கும் கடிக்கட்டும்."

"யாரு கோவம்?"

"உங்கம்மா கோவம். மூணு வருசத்துக்கு மேல அவ கையில ஏறி வெளயாடுனது, அவ போனதும் என்னயக் கடிக்குதுன்னா வேற என்ன? கடைசி நாளு ஆசுபத்திரியில ஒரு வாய் தேத்தண்ணி கேட்டா. வாங்கப் போனேன். கேண்டீன்ல பழைய கூட்டாளி ஒருத்தன். அரை மணி நேரம் பல்ல இளிச்சுக்கிட்டு நின்னேன். தேத்தண்ணியோட திரும்புனா, போத்தி வச்சிருந்தாங்க." கட்டுப்போட்ட கையால் முகத்தைத் துடைத்தார். "கேக்க வேண்டியத அவ இதுகிட்டச் சொல்லித்தானே கேக்க முடியும்?"

ரஞ்சனியின் கை தானாக இறங்கியது. பேச்சியம்மா புளிப்பானையை மூடினாள். மைக் பிடித்தவரும் மைக்கை அணைத்துவிட்டார்.

யாருடையதோ டி.வி.யைச் சுமந்துகொண்டு நின்ற எட்மண்ட் மட்டும் நெளிந்தார். டி.வி.யை மெல்லக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"அண்ணே, அக்கா வளத்த கங்காணி கருமாதிக்கு மொத நாளே செத்துருச்சு. நீங்க தாங்க மாட்டீங்கன்னு விறகுக் கொட்டாயில வேற புடிச்சுப் போட்டேன். அது செத்ததும் இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு. கடிச்ச மூணும் மூணு பூரானுங்க, அதுல ஒருத்தனுக்கும் அக்கா யாருன்னே தெரியாது."