பூலாயி உழாத நாலு ஏக்கர்

ஒரு காட்டில், ஓடைக்குத் தெற்கே இருந்த நிலம் அத்தனையும் பெரியநாயகம் என்ற யானைக்குச் சொந்தமாக இருந்தது. யானை ஒரு நாளும் உழுததில்லை. அதில் நாலு ஏக்கரைப் பதினோரு வருஷமாக மூக்கால் கிளறி உழுது, கடலை போட்டு வந்தது பூலாயி என்ற காட்டுப்பன்றி. விளைச்சலில் பாதி யானைக்கு. மீதிப் பாதியில் பூலாயியும் ஏழு குட்டிகளும் வயிறு கழுவின.

ஒரு நாள் அரசாங்கம் சட்டம் போட்டது: உழுகிறவருக்கே நிலம்.

பூலாயிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "இனி நம்ம கடலைய நாமளே திங்கலாம்" என்று குட்டிகளிடம் சொல்லிவிட்டுத் தாலுகா ஆபீஸ் வரிசையில் போய் நின்றது. ஆமைக்குப் பின்னால் இடம் கிடைத்ததால் ஜன்னலை அடைய மூன்று நாள் ஆயிற்று.

ஜன்னலுக்கு உள்ளே உடும்பு. பிடித்த நாற்காலியை விடாத அதிகாரி.

"உழுததற்கு என்ன ஆதாரம்?"

பூலாயி காய்ப்பேறிய மூக்கைக் காட்டியது.

"மூக்கு இருக்கிறது, சரி. அதில் சர்வே நம்பர் இருக்கிறதா? இ-சேவை மையத்துக்குப் போய்க் கைரேகை வைத்து மனுப் போடு."

மையத்தை நடத்தியது சிங்காரம் என்ற குரங்கு. பூலாயி மெஷினில் முன்னங்காலை வைத்தது. சிவப்பு விளக்கு. பின்னங்கால். சிவப்பு. நக்கிச் சுத்தம் செய்து மறுபடி வைத்தது. சிவப்பேதான்.

"அக்கா, குளம்புக்கு ரேகை ஏது? இன்னிக்குத்தான் கடைசி நாள். என் விரல வெச்சு விட்டுடறேன், ஒரு உபகாரந்தானே" என்றது சிங்காரம்.

பச்சை விளக்கு எரிந்தது. பூலாயி கண் கலங்கிக் கும்பிட்டது.

யானையும் ஆட்சேபனை மனுப் போட ஓடி வந்தது. காலை வைத்ததும் மெஷினே நசுங்கிப் போனது. மனு ஏற்கப்படவில்லை.

அடுத்த மாதம் பட்டா வந்தது. சிங்காரத்தின் பேரில்.

"ரேகை யாருதோ அவங்க பேருலதான் வருமாம். எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றது சிங்காரம், வரப்பில் உட்கார்ந்து கடலை உரித்தபடி.

"பதினோரு வருஷம் உழுதேனேய்யா!"

"யாரு இல்லேன்னா? இனியும் உழு. பழையபடி பாதி குடு. ஆனா உழுகிறதா யார்கிட்டயும் மூச்சு விடாதே. உழுகிறவருக்கே நிலம்னு சட்டம் இருக்கு பாரு. வெளிய தெரிஞ்சா உன்ன அனுப்பிட்டு வேற ஆள் பாக்கணும்."

பூலாயிக்கு உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்தது. ஒரே முட்டில் தள்ளிவிடலாம் போல இருந்தது. ஆனால் மழை பெய்து ஒரு நாள் ஆகியிருந்தது. ஈரம் இன்னும் இரண்டு நாள்தான் தாங்கும். குட்டிகள் பசியில் கத்தின. அது தலையைக் குனிந்து மண்ணுக்குள் மூக்கை இறக்கியது.

மறுநாள் உடும்பு கணக்கெடுக்க வந்தது. நாலு ஏக்கரும் சால் சாலாகக் கிடந்தது. பூலாயியின் முகத்திலிருந்து ஈரமண் உதிர்ந்தது.

"உழுகிறாயா?"

"இல்லைங்க ஐயா. மூக்கு அரிச்சுது, தேச்சுக்கிட்டேன்."

"நாலு ஏக்கருக்கா?"

"அரிப்பு ஜாஸ்திங்க."

உடும்பு 'தரிசு' என்று எழுதிக்கொண்டு அடுத்த வயலுக்கு நகர்ந்தது. அங்கே ஓர் எருமை கலப்பையோடு நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தது.

நீதி: உழுகிறவருக்கே நிலம் என்று சட்டம் வந்த பிறகு, உழுது யாரும் கையும் களவுமாகப் பிடிபடக் கூடாது.